நாலாம் ராத்திரிக் கடிகாரம்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

மாப்பிள்ளை பணிவுடன் எழுதுவது. தாங்களும் அத்தையும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கண் ஆபரேஷனுக்குப் பிறகு தாங்கள் கண்ணாடி இல்லாமலே பேப்பர் படிப்பதாக உங்கள் மகள் சொன்னாள், சந்தோஷம். இங்கே நானும் உங்கள் மகளும் வாண்டுவும் நலம். நலம் என்ற வார்த்தையை முன்பெல்லாம் யோசிக்காமல் எழுதிவிடுவேன். இந்த ஐந்து மாதம் பட்ட பாட்டுக்குப் பிறகு, எதை வைத்து அளந்து நலம் என்கிறாய் என்று யாராவது கேட்டால் காட்டுவதற்குக் காகிதங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தாங்கள் போன் செய்து, "அடுத்த வாரம் பேத்தியைப் பாக்க வர்றேன், ஒரு மாசம் இருக்கப் போறேன்" என்றீர்கள். நானும், "இதென்ன மாமா, கேக்கணுமா, உங்க வீடு" என்றேன். அது மனதாரச் சொன்னதுதான். ஆனால் போனை வைத்த பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. ஆகவே இந்தக் கடிதத்தின் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து தாங்கள் இப்போது புறப்பட வேண்டாம். இரண்டு வாரம் கழித்து வாருங்கள். கடைக்காரனிடம் முகத்துக்கு நேரே உன் தராசு ஏமாற்றுகிறது என்று சொல்லிவிடுவேன், இருபது வருடமாகச் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன். மாமனாரிடம் முகத்துக்கு நேரே ஒன்றைச் சொல்ல நாக்கு எழவில்லை, அதனால்தான் கடிதம். காரணத்தைக் கேட்டால் தாங்களே சரி என்பீர்கள். அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளவும்.

போன வருடம் தாங்கள் இங்கே வந்திருந்தபோது வாண்டு விடும் குறட்டையைக் கேட்டுவிட்டு, "ஏழு வயசுல என்னா சாரீரம்! என் பேத்தி!" என்று பெருமைப்பட்டீர்கள். உங்கள் மகள் கவலைப்பட்டதற்கு, "நாப்பது வருஷம் அச்சாபீஸ்ல ஃபோர்மேனா இருந்தவன் சொல்றேன். மெஷின் சத்தம் போட்டா வேலை நடக்குதுன்னு அர்த்தம். சத்தம் நின்னாத்தான் பயப்படணும்" என்றீர்கள். எனக்கும் அது நியாயமாகப் பட்டது. மூன்று பேரும் ஒரே அறையில் படுக்கிறோம். சுவர் ஓரம் உங்கள் மகள், நடுவில் வாண்டு, கதவு ஓரம் நான். சத்தம் வந்தால் நன்றாகத் தூங்குகிறாள் என்று நானும் நிம்மதியாகத் திரும்பிப் படுத்துக்கொள்வேன். ஆனால் பிள்ளை காலையில் எழும்போது முந்தின நாள் மூட்டை தூக்கினவள் போல எழுவாள். வாயைத் திறந்தபடி, கழுத்தைப் பின்னால் வளைத்துக்கொண்டு தூங்குவாள். ஒரு நாள் பள்ளியிலிருந்து சீட்டு வந்தது. படம் வரையும் வகுப்பில் வரைந்த வீட்டின் மேலேயே தலையை வைத்துத் தூங்கிவிட்டாளாம். கன்னத்தில் பச்சை வண்ணம் ஒட்டியிருந்தது, கூரை பாதி காணோம்.

டாக்டரம்மா டார்ச் அடித்துத் தொண்டையைப் பார்த்தார். டான்சில் இரண்டும் வீங்கி ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு இருந்தனவாம், மூக்குக்குப் பின்னாலும் சதை வளர்ந்திருக்கும் போலிருக்கிறதாம். தூங்கும்போது மூச்சு அடைபட்டு நின்று நின்று வருகிறதோ என்று சந்தேகம், அதற்கு ஸ்லீப் ஆப்னியா என்று பெயராம். "தேவைப்பட்டா ஆபரேஷன் பண்ணி எடுத்துடலாம். முதல்ல தூக்கம் எப்படி இருக்குன்னு அளந்து பாத்துடுவோம்" என்றார். ஆபரேஷன் என்றதும் பிள்ளையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன். அளந்து என்றதும் கொஞ்சம் தெம்பு வந்தது. கடைத்தெருவில் உள்ள தராசை எல்லாம் சோதித்து முத்திரை குத்துகிற எடை அளவு ஆய்வாளர் நான். அளப்பது என்றால் நம் பக்கத்து விஷயம், பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

முதல் அளவு ஒரு கேள்வித்தாள். இருபதுக்கும் மேலே கேள்விகள். குறட்டை விடுகிறதா, மூச்சு நிற்கிறதா, பகலில் சோர்ந்து விழுகிறதா, உதைக்கிறதா, என்று கேட்டு ஒவ்வொன்றுக்கும் இல்லை, சில சமயம், எப்போதும் என்று மூன்று கட்டங்கள். அப்பா ஒன்று, அம்மா ஒன்று, தனித்தனியாக நிரப்ப வேண்டும். நான் எல்லாவற்றுக்கும் 'சில சமயம்' போட்டேன். மாமா, தங்களிடம் மறைப்பானேன், எனக்குப் பயம். கூட்டிப் பார்த்து எண் பெரிதாக வந்தால் பிள்ளையை மேசையில் படுக்க வைத்து மயக்க மருந்து கொடுப்பார்கள். எண் சின்னதாக வந்தால் வீட்டுக்குப் போகலாம். 'எப்போதும்' என்ற கட்டத்தின் மேல் பேனாவை வைப்பேன், கை தானாக இடது பக்கம் நகர்ந்துவிடும். உதைப்பது ஒன்றுக்கு மட்டும் 'எப்போதும்' போட்டேன், ஏனென்றால் அது எனக்கு நேர்வது. ராத்திரிக்கு ஐந்தாறு தடவையாவது என் விலாவில் குறி தவறாமல் உதைக்கிறாள். உங்கள் மகள் கணக்கு டீச்சர் இல்லையா, என் தாளை வாங்கிப் பார்த்தாள். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். இருபது பெருக்கல் குறி போட்டாள். கீழே 'பெற்றோரை அழைத்து வரவும்' என்று எழுதாததுதான் பாக்கி. இரண்டு தாளையும் பார்த்த டாக்டரம்மா, "ரெண்டு பேரும் ஒரே குழந்தையைத்தானே சொல்றீங்க?" என்று கேட்டார்.

அதனால்தான் இரண்டாவது அளவு வந்தது. அது ஒரு கைக்கடிகாரம். மணி காட்டாது. குழந்தையின் கையில் ஏழு ராத்திரி கட்டியிருந்தால், கை எப்போது அசைந்தது, எப்போது அசையவில்லை என்று அதுவே குறித்துக்கொள்ளுமாம், அதிலிருந்து எத்தனை தடவை விழித்தாள் என்று கணக்குப் போடுவார்களாம். நான் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "முத்திரை எங்க?" என்று நர்ஸைக் கேட்டேன். "என்ன முத்திரை சார்?" என்றாள். இதைக் கடைசியாகச் சரிபார்த்தது யார், எதை வைத்துச் சரிபார்த்தார், தேதி என்ன என்று கேட்டேன். நர்ஸ் உங்கள் மகளைப் பார்த்தாள். உங்கள் மகள், "இவர் அப்படித்தான், நீங்க கொடுங்க" என்று வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

மூன்று ராத்திரி ஒன்றும் செய்யாமல் இருந்தேன். அது எனக்குப் பெரிய விஷயம் என்பது தங்களுக்குத் தெரியும். நாலாவது நாள் பொறுக்க முடியவில்லை. ஒரு தராசு சரியா என்று பார்க்க வேண்டுமானால் எடை நிச்சயமாகத் தெரிந்த கல்லை அதன் மேல் வைத்துப் பார்க்க வேண்டும். அதேபோல இந்தக் கடிகாரம் சரியா என்று பார்க்க வேண்டுமானால், நிச்சயமாக நன்றாகத் தூங்குகிற ஓர் ஆளின் கையில் கட்டிப் பார்க்க வேண்டும். அப்படிப்பட்ட ஆள் இந்த வீட்டில் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை. கல்யாணமாகிப் பத்து வருடத்தில் நான் தூங்கவில்லை என்று யாரும் புகார் சொன்னதில்லை. தூங்குகிறேன் என்றுதான் எல்லாப் புகாரும். பஸ்ஸில் தூங்கி இரண்டு நிறுத்தம் தாண்டிப் போயிருக்கிறேன். மேலதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கியிருக்கிறேன். போன மாதம் ஒரு மளிகைக் கடையில் முத்திரைச் சுத்தியலைக் கையில் வைத்தபடி தராசுத் தட்டில் முகவாயை ஊன்றித் தூங்கிவிட்டேன், கடைக்காரர் என் தலை எடையைக் குறித்துக்கொண்டு எழுப்பினார். இதைவிட நம்பகமான கல் எங்கே கிடைக்கும்? ஆக, வாண்டு தூங்கியதும் அவள் கையிலிருந்து மெதுவாகக் கழற்றி என் கையில் கட்டிக்கொண்டு படுத்தேன். காலையில் உங்கள் மகள் எழுவதற்கு முன் மறுபடி அவள் கையில் மாட்டிவிட்டேன். பல் தேய்க்கும்போது வாண்டு, "அப்பா, வாட்ச் லூசா இருக்கே" என்றாள். "நீ இளைச்சிட்டே, ரெண்டு இட்லியா சாப்பிடணும்" என்று சொல்ல வாய்வரை வந்தது, முழுங்கிவிட்டு, வார் ஓட்டையை மாற்றிப் போட்டேன். அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

எட்டாம் நாள் டாக்டரம்மா கம்ப்யூட்டரை எங்கள் பக்கம் திருப்பினார். ஏழு ராத்திரிக்கு ஏழு கோடுகள். ஆறு கோடுகள் அமைதியாக இருந்தன. இவ்வளவு உதைக்கிறவளுக்கு எப்படி இவ்வளவு அமைதி வந்தது என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நாலாவது கோடு மட்டும் பார்க்கச் சகிக்கவில்லை. கடிகாரம் நாற்பத்தொரு தடவை விழிப்பு என்று எழுதியிருந்தது. டாக்டரம்மா அதை வட்டம் போட்டு, "இந்த ராத்திரி என்ன ஆச்சு?" என்றார். நான் வாயைத் திறந்தேன். என்ன வந்தது தெரியுமா மாமா? "அன்னிக்கு மழை" என்றேன். உங்கள் மகள், "மழையா? எந்த ஊர்ல?" என்றாள். டாக்டரம்மா, "மழைக்கெல்லாம் இப்படி வராது. இனிமே காத்திருக்க வேண்டாம். புதன்கிழமையே ஆஸ்பத்திரியில ஒரு ராத்திரி படுக்க வச்சு முழுசா அளந்துடலாம்" என்று எழுதிவிட்டார்.

அந்தப் புதன்கிழமை வரை நான் பட்ட அவஸ்தையை என்னவென்று சொல்ல. தட்டுக்கு அடியில் காந்தத் துண்டு ஒட்டிய ஒரு வியாபாரியை ஒரு தடவை பிடித்தேன். வயசானவர், கையைப் பிடித்துக் கெஞ்சினார். அளவில் கை வைத்தவருக்கு மன்னிப்பே கிடையாது என்று சொல்லித் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தவன் நான். இப்போது என் சொந்தப் பிள்ளையின் அளவில் என் கையையே வைத்துவிட்டு மழை என்கிறேன். என் கையால் வந்த கோட்டை வைத்து அவள் தொண்டையில் கத்தி வைத்துவிடுவார்களோ என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. இன்னொரு பக்கம், எனக்குக் கடிகாரத்தின் மேல் ஆத்திரம். என்னைப் போன்ற ஒரு தூக்கக்காரனை ராத்திரி முழுக்க விழித்திருந்தான் என்று காட்டினால் அது என்ன கருவி? ஆபீசில் இருக்கும் படிவத்தில் 'சோதனையில் தேறவில்லை, பயன்படுத்தத் தடை' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டேன். கொடுக்கத்தான் தைரியம் வரவில்லை.

புதன்கிழமை நானே கூடப் போகிறேன் என்று பிடிவாதமாகச் சொல்லிப் போனேன். உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். அங்கே ஒயர்களை ஒட்டுகிற பெண் ஒருத்தி, இருபத்தைந்து வயதிருக்கும், நல்ல பெண். வாண்டுவின் தலையில், கன்னத்தில், நெஞ்சில், காலில் எல்லாம் ஒட்டினாள். மூக்குக்குக் கீழே ஒரு குழாய், விரல் நுனியில் சிவப்பு விளக்கு. வாண்டு தன் துணி முயலுக்கும் ஒட்ட வேண்டும் என்றாள், அதற்கும் நெற்றியில் ஒன்று ஒட்டினாள். நான் அவளைத் தனியாகக் கூப்பிட்டு நாலாம் ராத்திரி விஷயத்தைச் சொன்னேன். அவள் கேட்டுவிட்டு, "சார், நான் ஒட்டுற ஆளு. இதையெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லுங்க" என்று போய்விட்டாள். எனக்கு நாற்காலி ஒன்று போட்டிருந்தார்கள். கண் கொட்டாமல் பிள்ளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன், உட்கார்ந்தும் இருந்தேன். யாரோ தோளைத் தட்டினார்கள். அந்தப் பெண். "சார், மைக்குல உங்க சத்தம்தான் வருது" என்றாள். "நான் முழிச்சுட்டுத்தான் இருக்கேன்" என்றேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி தட்டினாள். மூன்றாம் தடவை, "தப்பா எடுத்துக்காதீங்க, வெளிய பெஞ்சுல உக்காருங்க" என்று அனுப்பிவிட்டாள். நல்ல விஷயம் ஒன்று, அந்த பெஞ்சுக்கு எதிரில் கண்ணாடி ஜன்னல், ஜன்னலுக்கு உள்ளே அந்தப் பெண்ணின் திரை.

மாமா, அந்தத் திரையில் பிள்ளையின் மூச்சு ஒரு கோடாக ஓடிக்கொண்டிருந்தது. ஏறும், இறங்கும், ஏறும், இறங்கும். பிறகு நின்றது. படுத்துவிட்டது, மட்டமாக. நான் எழுந்து நின்றுவிட்டேன். என் வேலையில் முள் ஆடி ஆடி நிற்பதற்காகத்தான் காத்திருப்பேன், நின்றால்தான் அளவு. முள் நிற்கக் கூடாது, ஆடேன், ஆடித் தொலையேன் என்று என் வாழ்க்கையில் முதல் தடவையாக அன்றைக்குத்தான் கெஞ்சினேன். பத்து எண்ணினேன், பதினொன்று, பன்னிரண்டு. கோடு ஒரு துள்ளுத் துள்ளி மறுபடி ஓடியது. உள்ளே வாண்டு அசையக்கூட இல்லை. அந்தப் பெண் எனக்குக் கேட்கும்படி, "இப்படித்தான் சார் நிக்கும், அப்புறம் அதுவா வந்துடும்" என்றாள். அவளுக்குத் தினமும் பார்க்கிற விஷயம். நான் பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். தாங்கள் சொன்னதுதான் சரி, சத்தம் நின்றால்தான் பயப்பட வேண்டும். நின்று நின்றுதான் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது, நான் பக்கத்தில் படுத்துக்கொண்டு நிம்மதியாகத் திரும்பிப் படுத்திருக்கிறேன்.

முடிவு வந்தது. மணிக்குப் பதினோரு தடவை மூச்சு நிற்கிறதாம். "பெரியவங்களுக்கு மணிக்கு அஞ்சு வரைக்கும் போனாப் போகுதுன்னு விடுவோம். குழந்தைக்கு ஒண்ணைத் தாண்டினாலே கவனிக்கணும். இது பதினொண்ணு" என்றார் டாக்டரம்மா. கால் அசைவே இல்லை என்றும் அந்த அறிக்கையில் இருந்தது. ராத்திரி முழுக்க ஓர் உதைகூட இல்லையாம், அந்த ஒரு இடத்தில் கருவியில் ஏதோ பிசகு என்றுதான் நினைக்கிறேன். அப்போது உங்கள் மகளை வைத்துக்கொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கடிகாரம், நாலாம் ராத்திரி, மழை எல்லாம். தடைப் படிவத்தையும் மேசையில் வைத்தேன். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு சொன்னார்: "நல்ல காலம். அந்த ஒரு கோடு இல்லன்னா, மத்த ஆறையும் பாத்துட்டு மூணு மாசம் கழிச்சு வாங்கன்னு அனுப்பியிருப்பேன். இந்த வாட்ச் அசைவைத்தான் பாக்கும், மூச்சைப் பாக்காது. உங்க பொண்ணு அசையாமலே திணறிட்டு இருந்திருக்கா." இருபது வருட உத்தியோகத்தில் பொய்யான கல்லை வைத்து உண்மையான எடை வந்து நான் பார்த்ததில்லை. உங்கள் மகள் அன்றைக்கு என்னைத் திட்டவில்லை, கையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டரம்மா சிரித்து முடித்துவிட்டு, "அப்போ அந்த நாப்பத்தொண்ணு உங்க கையா?" என்று இன்னொரு தடவை கேட்டார். ஆமாம் என்றேன். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஒரு சின்னச் சீட்டில் ஏதோ எழுதி என்னிடம் தராமல் உங்கள் மகளிடம் கொடுத்தார். ஆபரேஷனுக்கு முன்னால் பிள்ளைக்கு என்ன சாப்பிடக் கொடுக்கலாம் என்பதாக இருக்கும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்பதைப் போனில் சொன்னோம். ஐந்து நாள் ஐஸ்கிரீமாகச் சாப்பிட்டாள், ஆறாம் நாள், "இனிமே அது வேணாம், காரமா ஏதாவது கொடு" என்று கரகரத்த குரலில் கேட்டாள். இப்போது ஏழு வாரம் ஆகிறது. வாயை மூடிக்கொண்டு தூங்குகிறாள் மாமா. கூரையும் புகைபோக்கியுமாக முழு வீடு வரைந்து எடுத்து வருகிறாள். வீடு அமைதியாகிவிட்டது, அந்த அமைதியில் எனக்குத்தான் முதலில் பழக்கம் வரவில்லை. எழுந்து எழுந்து அவள் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பேன். இளம் சூடாக மூச்சு வரும். இந்த இருபது வருடத்தில் இவ்வளவு லேசான ஒன்றை அளந்து இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. உதைப்பது ஒன்றுதான் இன்னும் நிற்கவில்லை. விலாவில் அதே இடம், அதே பலம்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்குப் பிறகு எவ்வளவு குணம் என்று தெரிய, வருகிற திங்கட்கிழமையிலிருந்து மறுபடி அதே கடிகாரம், அதே கேள்வித்தாள். இந்தத் தடவை ஏழு ராத்திரியும் சுத்தமாக இருக்க வேண்டும். அந்த வாரம் பிள்ளையின் தூக்கம் வெளிச்சத்தாலோ சத்தத்தாலோ கலையக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். தங்களுக்கே தெரியும், நம் வீட்டில் அறைக்கும் கூடத்துக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். போன தடவை தாங்கள் கூடத்தில் படுத்திருந்தபோது அலமாரியில் இருந்த டம்ளர்கள் ஒன்றோடு ஒன்று பேசிக்கொண்டிருந்தன. மாடிக்காரர் இறங்கி வந்து, தண்ணீர் மோட்டாரை நிறுத்த மறந்துவிட்டீர்களா என்று கேட்டார். இதைக் குறையாகச் சொல்லவில்லை, தங்கள் சாரீரம் அப்படி. நாற்பது வருடம் மெஷினுக்கு ஈடுகொடுத்துத் தூங்கிய பழக்கம். குறட்டை வாண்டுவுக்கு எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று இந்த வீட்டில் ஒரு வழக்கு நடந்துகொண்டிருக்கிறது, அதில் நான் தங்கள் பக்கத்தைக் காட்டியிருக்கிறேன், அதையும் மன்னிக்கவும். எங்கள் பக்கத்தில் குறட்டைக்காரர்கள் கிடையாது. ஆகவே இரண்டு வாரம் கழித்து வாருங்கள், எத்தனை மாதம் வேண்டுமானாலும் இருங்கள். டம்ளர்களை நானே இறக்கித் தரையில் வைத்துவிடுகிறேன்.

அத்தைக்கு என் வணக்கங்கள். கண்ணுக்குச் சொட்டு மருந்தை வேளை தவறாமல் விட்டுக்கொள்ளவும். எங்கள் மூவரையும் மனதார ஆசீர்வதித்து, அந்த ஆசீர்வாதத்தை இப்போதைக்குத் தபாலிலேயே அனுப்பிவைக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

தங்கள் அன்புள்ள,
மாப்பிள்ளை

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால் உங்கள் மகள் இந்தக் கடிதத்தை வாங்கிப் படித்தாள். சிவப்புப் பேனாவைத் தேடுவாள் என்று நினைத்தேன், தேடவில்லை. 'எங்கள் பக்கத்தில் குறட்டைக்காரர்கள் கிடையாது' என்ற இடத்தில் நிறுத்தி, கைப்பையிலிருந்து டாக்டரம்மா கொடுத்த அந்தச் சின்னச் சீட்டை எடுத்து என் முன்னால் வைத்தாள். அதில் சாப்பாடு பற்றி ஒன்றும் இல்லை. 'தகப்பனாரை உடனே சோதிக்கவும்' என்று இருந்தது. பிள்ளை தேறட்டும் என்று இவ்வளவு நாள் வைத்திருந்தாளாம். வருகிற புதன்கிழமை ராத்திரிக்குப் படுக்கையும் சொல்லிவைத்துவிட்டாள். கடிகாரத்தில் பிசகில்லை மாமா, கல்லில்தான்.

எனக்கும் ஒரு கேள்வித்தாள் வந்திருக்கிறது, பக்கத்தில் படுக்கிறவர் நிரப்ப வேண்டுமாம். நான்தான் படுக்கிறேன் பக்கத்தில் என்று வாண்டு வாங்கிக்கொண்டாள். குறட்டை: எப்போதும். பகலில் தூக்கம்: எப்போதும். பேனா இடது பக்கம் நகரவே இல்லை. மூச்சு நிற்பதைப் பார்த்ததுண்டா என்ற கேள்விக்கு வந்ததும், "ஆமா, நிக்கும். நான் பத்து வரைக்கும் எண்ணுவேன். வரலேன்னா உதைப்பேன். உடனே வந்துடும்" என்றாள். எப்போதிலிருந்து என்று உங்கள் மகள் கேட்டாள். "ரொம்ப நாளா" என்றாள், அதே கட்டத்தில் குறி போட்டுக்கொண்டே.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் எழுதாததாக நினைத்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமைக்குள் தாங்கள் அவசியம் புறப்பட்டு வரவும். டம்ளர்கள் ஆடட்டும், வாண்டுவின் அளவை ஒரு வாரம் தள்ளிப் போட்டாயிற்று. ஆஸ்பத்திரியில் என்கூட ஒருவர் இருக்க வேண்டுமாம், உங்கள் மகள் பிள்ளையோடு வீட்டில் இருப்பாள். துணி முயலை வாண்டு என் பையில் வைத்துவிட்டாள். "ஒட்டுறப்போ கூசும்பா, வலிக்காது" என்று தைரியம் சொல்லியிருக்கிறாள். அன்றைக்கு ராத்திரி தாங்கள் தூங்கவே கூடாதாம், பத்து வரைக்கும்தான் எண்ண வேண்டுமாம், பதினொன்றுக்குப் போகக் கூடாதாம், விலாவில் எந்த இடத்தில் உதைக்க வேண்டும் என்பதை அவளே தங்களுக்குத் தொட்டுக் காட்டுவாளாம்.